லேசர் எலெக்ட்ரான் முடுக்கியில் செல் சோதனை: புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

லேசர் துடிப்பு வாயுவுக்குள் நுழைந்து எலெக்ட்ரான்களை முடுக்கும் தூரம் பல கருவிகளில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்கிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி, ஒரு பிளாஸ்டிக் குடுவையின் சுவரில், அந்த எலெக்ட்ரான்களின் கதிர்வீச்சு பட வேண்டிய செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான் உங்கள் வேலை பெரும்பாலும் நடக்கப்போகிறது.

இந்தத் துறைக்கு வருபவர்களில் ஒரு சாரார் லேசர் இயற்பியலில் இருந்து வருகிறார்கள். செல் வளர்ப்பு தெரியாது. இன்னொரு சாரார் உயிரியலில் இருந்து வருகிறார்கள். பிளாஸ்மா என்றால் ரத்தத்தில் இருப்பது என்றுதான் பழக்கம். இரு சாராரும் செய்கிற தவறு ஒன்றேதான். "இந்த லேசர் இருக்கிறது, இதன் முன்னால் செல்களை வைத்துப் பார்ப்போம்" என்று கருவியிலிருந்து தொடங்குகிறார்கள். நான் எதிர்த் திசையில் நடக்கச் சொல்வேன். செல்லில் விழ வேண்டிய டோஸ் (கதிர்வீச்சின் அளவு) என்ன, எவ்வளவு நேரத்தில் விழ வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி நடந்து லேசரிடம் போங்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு: கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

கருவி என்ன செய்கிறது

கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக மருத்துவமனைகளில் உள்ள லினாக் (நேர்கோட்டு முடுக்கி), உலோகக் குழிகளுக்குள் மின்புலத்தை உண்டாக்கி எலெக்ட்ரானை முடுக்குகிறது. மீட்டருக்கு 10 கோடி வோல்ட்டை நெருங்கும்போது உலோகப் பரப்பில் மின்பொறி பறக்கத் தொடங்கிவிடும். அதற்கு மேல் போவது கடினம். பிளாஸ்மா, அதாவது லேசர் பட்டு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்துவிட்ட வாயு, ஏற்கெனவே உடைந்துபோன பொருள், அதில் இனி உடைவதற்கு ஒன்றுமில்லை. எனவே அங்கே ஆயிரம் மடங்கு வலுவான புலத்தை உண்டாக்கலாம்.

1979-இல் டோஷிகி தஜிமாவும் ஜான் டாசனும் இந்த யோசனையை முன்வைத்தார்கள். ஏரியில் விரைந்து போகும் படகின் பின்னால் அலை எழுவதுபோல, பிளாஸ்மாவுக்குள் பாயும் ஒளித்துடிப்பு எலெக்ட்ரான்களை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும். அதன் பின்னால் ஓர் அலை எழும். அந்த அலையின் மேல் சரியான இடத்தில் ஏறிக்கொண்ட எலெக்ட்ரான்கள் முடுக்கம் பெறும். யோசனை வந்தபோது அதற்கேற்ற லேசர் இல்லை. 1985-இல் டோனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார் மூரூவும் துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகே வழி திறந்தது. அதற்குத்தான் 2018-இன் நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. 2004-இல் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்காவைச் சேர்ந்த மூன்று குழுக்கள், ஏறத்தாழ ஒரே ஆற்றல் கொண்ட எலெக்ட்ரான் கற்றைகளை இந்த முறையில் பெற்றுக் காட்டின.

பிளாஸ்மாவின் அடர்த்தியும் துடிப்பின் நீளமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இது நடைமுறையில் உதவும் கணக்கு. கன சென்டிமீட்டருக்கு 10¹⁹ எலெக்ட்ரான் என்றால் அலையின் நீளம் சுமார் 10 மைக்ரோமீட்டர். 30 ஃபெம்டோ நொடித் (ஒரு ஃபெம்டோ நொடி 10⁻¹⁵ நொடி) துடிப்பு 9 மைக்ரோமீட்டர் நீளம், எனவே பொருந்துகிறது. அடர்த்தி 10²⁰ ஆனால் அலை 3 மைக்ரோமீட்டராகச் சுருங்கும்; அதற்கு 4 ஃபெம்டோ நொடி போன்ற மிகக் குறுகிய துடிப்பு வேண்டும்.

இதனால் கருவிகள் இரண்டு குடும்பங்களாகப் பிரிகின்றன. முதலாவது, ஜூல் அளவு ஆற்றல் கொண்ட பெரிய லேசர்: நொடிக்கு ஒன்று முதல் பத்து ஷாட் (ஒரு ஷாட் என்றால் ஒரு லேசர் துடிப்பு) வரை, ஒவ்வொன்றிலும் 100 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டையும் தாண்டும் எலெக்ட்ரான்கள். (இனி மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அலகை எம்இவி என்று எழுதுகிறேன்.) இரண்டாவது, சில மில்லிஜூல் மட்டுமே கொண்ட சிறிய லேசர்: நொடிக்கு ஆயிரம் ஷாட், சில எம்இவி எலெக்ட்ரான்கள். பாரிஸுக்கு அருகே பாலைசோவில் உள்ள பயன்பாட்டு ஒளியியல் ஆய்வகம் இந்த இரண்டாம் வகையில் முன்னோடி.

'கையடக்கம்' என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டாம். முடுக்கும் பகுதி மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் லேசர், வெற்றிடப் பம்புகள், கதிர்த் தடுப்புச் சுவர் எல்லாம் சேர்ந்தால் ஓர் அறை நிறையும். ஜெர்மனியின் எர்லாங்கன் குழு 2023-இல் அரை மில்லிமீட்டர் நீளமுள்ள சில்லில் (சிப்) எலெக்ட்ரானை 28.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 40.7-க்கு உயர்த்திக் காட்டியது. உடலுக்குள் பார்க்கும் உள்நோக்கிக் குழாயின் (எண்டோஸ்கோப்) நுனியில் வைக்கும் அளவுக்கு முடுக்கி சிறுத்துவிடும் என்ற கனவு அங்கிருந்துதான் வருகிறது. அருமையான வேலை அது. ஆனால் நீங்கள் இன்று செல் சோதனை செய்யப்போவது வாயுத் தாரையுள்ள கருவியில்தான்.

முதல் படி: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

இந்தக் கருவியிடம் கேட்கத் தகுந்த கேள்விகள் மூன்றுதான் என்பது என் கணிப்பு. ஒன்று, பைகோ நொடிக்குள் (10⁻¹² நொடி) டோஸ் விழுந்தால் உயிரியல் விளைவு மாறுமா? இரண்டு, ஒட்டுமொத்தச் சிகிச்சையையும் ஒரு கணத்தில் முடித்தால் ஆரோக்கியமான திசு தப்புமா? மூன்றாவது, மிக உயர் ஆற்றல் எலெக்ட்ரான்களால் உடலின் ஆழத்தில் உள்ள கட்டியை எட்ட முடியுமா?

முதல் கேள்வியின் அடிப்படை இது. நீரில் கதிர்வீச்சு பட்டதும் பைகோ நொடிக்குள் ஹைட்ராக்சில் போன்ற தீவிரத் துகள்கள் உருவாகின்றன. அவை பரவி வினைபுரிந்து முடிய ஒரு மைக்ரோ நொடி ஆகலாம். லினாக்கின் ஒரு துடிப்பே சில மைக்ரோ நொடி நீளும். அதாவது ஒரு பக்கம் வேதியியல் நடந்துகொண்டிருக்க, மறுபக்கம் டோஸ் விழுந்துகொண்டே இருக்கும். லேசர் எலெக்ட்ரான்களோ வேதியியல் தொடங்குவதற்குள் வந்து முடிந்துவிடுகின்றன. கேட்கும்போது பரவசமாக இருக்கும். எனினும் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் குழு யேனாவில் உள்ள லேசரைக் கொண்டு எலியின் காதில் வளர்த்த கட்டிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, லினாக்கோடு ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டபோது, கட்டி வளர்ச்சி தாமதப்படுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். நீரில் 1 கிரே (கிரே என்பது டோஸின் அலகு) டோஸ் தர, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 300 கோடி எலெக்ட்ரான் வேண்டும். சதுர மைக்ரோமீட்டருக்கு 30. ஒரு ஷாட்டில் 0.002 கிரேதான் விழுகிறது என்றால் சதுர மைக்ரோமீட்டருக்கு 0.06 எலெக்ட்ரான். அப்போது ஓர் எலெக்ட்ரான் கடந்துபோன தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையே ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டர் இடைவெளி. செல்லுக்குள் ஹைட்ராக்சில் துகள் சில நானோமீட்டர் தூரம்கூடப் பயணிக்காமல் எதனுடனாவது வினைபுரிந்துவிடும். பக்கத்துத் தடத்தின் துகளை அது சந்திக்கவே சந்திக்காது. துடிப்பு எவ்வளவு குறுகினாலும், தடங்கள் தனித்தனியே இருக்கும்வரை செல்லுக்கு அது தெரியாது. ஒரே ஷாட்டில் 1 கிரே தந்தால் இடைவெளி 0.18 மைக்ரோமீட்டராகச் சுருங்கும். அங்கேதான் விஷயம் சுவையாகத் தொடங்குகிறது. ஆகவே உங்கள் கேள்வி முதல் வகை என்றால், "எத்தனை ஃபெம்டோ நொடி" என்று கேட்காதீர்கள். "ஒரு ஷாட்டுக்கு எத்தனை கிரே" என்று கேளுங்கள்.

இரண்டாம் கேள்விக்கு இப்போது உலகெங்கும் பெயர் 'ஃபிளாஷ்'. 2014-இல் பாரிஸின் கியூரி நிறுவனத்தைச் சேர்ந்த ஃபாவோடோன் குழு, நொடிக்கு 40 கிரேக்கும் மேல் தந்தபோது எலிகளின் நுரையீரல் வடுப்படுவது குறைந்ததாகவும், கட்டியின் மீதான தாக்கம் குறையவில்லை என்றும் காட்டியது. வழக்கமான வேகம் நொடிக்கு 0.03 கிரே அளவுதான். 2018-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக மருத்துவமனையில் தோல் லிம்ஃபோமா (ஒருவகைப் புற்றுநோய்) நோயாளி ஒருவருக்கு 15 கிரே டோஸை 90 மில்லி நொடியில் தந்தார்கள். இதுவே மனிதருக்குத் தரப்பட்ட முதல் ஃபிளாஷ் சிகிச்சை. இது ஏன் வேலை செய்கிறது என்பதில் துறை இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. லேசர் முடுக்கிக்கு இங்கே இடம் இருப்பதற்கு அதுவே காரணம்.

இரண்டாம் படி: ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

300 கோடி எலெக்ட்ரான் என்பது மின்னூட்டத்தில் 500 பைகோ கூலும். இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்யுங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு 500 பைகோ கூலும் என்றால் 1 கிரே. துல்லியமான எண் ஆற்றலைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். தொடங்குவதற்கு இது போதும்.

ஆயிரம் ஹெர்ட்ஸ் கருவி, ஷாட்டுக்கு 1 பைகோ கூலும், பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1000 பைகோ கூலும், அதாவது நொடிக்கு 2 கிரே. செல் சோதனைக்கு இது தாராளம், நான்கு நொடியில் 8 கிரே. ஆனால் ஃபிளாஷுக்கு இருபது மடங்கு குறைவு. எட்டிப் பிடிக்க இரண்டு வழி: மின்னூட்டத்தை 20 பைகோ கூலுமாக உயர்த்துவது, இல்லையென்றால் பரப்பை 5 சதுர மில்லிமீட்டராகச் சுருக்குவது. இரண்டாவது எளிதாகத் தெரியும். ஆனால் அவ்வளவு சிறிய பரப்பில் டோஸ் சமமாக விழுகிறதா என்று சரிபார்ப்பதும், பிழைத்த செல்கள் பெருகி உருவாக்கும் காலனிகளை எண்ணும் அளவுக்குச் செல்களை அதற்குள் அடக்குவதும் சிரமம்.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். சராசரி டோஸ் வேகம் வேறு, கண நேர டோஸ் வேகம் வேறு. மேலே சொன்ன கருவியில் ஒரு ஷாட்டுக்கு 0.002 கிரே. எலெக்ட்ரான்கள் பிளாஸ்மாவை விட்டு வெளியே வரும்போது சில ஃபெம்டோ நொடிக் கொத்தாக இருக்கும். சில எம்இவி ஆற்றலில் வேகமான எலெக்ட்ரானுக்கும் மெதுவானதற்கும் உள்ள வித்தியாசத்தால், முப்பது சென்டிமீட்டர் கடப்பதற்குள் கொத்து பைகோ நொடிக் கணக்கில் நீண்டுவிடும். 2 பைகோ நொடி என்று எடுத்தால் கண நேர வேகம் நொடிக்கு 100 கோடி கிரே! சராசரி வெறும் 2. அறிக்கையில் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதிய முடிவை இன்னொருவரால் ஒப்பிடவே முடியாது.

மூன்றாம் படி: ஆற்றலைத் தேர்ந்தெடுங்கள்

நீரில் எலெக்ட்ரான் போகும் தூரம், சென்டிமீட்டர் கணக்கில், எம்இவி எண்ணில் பாதி. 5 எம்இவி என்றால் சுமார் 2.5 சென்டிமீட்டர். குடுவையின் ஒரு மில்லிமீட்டர் சுவரைத் தாண்டிச் செல்லை அடைய இது நிறையவே போதும். 1 எம்இவியில் மொத்தமே 4 மில்லிமீட்டர்தான்; சுவரும் காற்றும் சாளரமும் பெரும்பங்கைச் சாப்பிட்டுவிடும், டோஸை நம்ப முடியாது. தட்டில் உள்ள செல்லுக்கு 3 முதல் 10 எம்இவி வசதி.

மூன்றாம் கேள்விக்காரர்கள் வேறு பாதையில் போக வேண்டும். மருத்துவமனை லினாக்கின் எலெக்ட்ரான்கள் 20 எம்இவியை ஒட்டி நின்றுவிடுவதால் தோலுக்கும் மேலோட்டமான கட்டிக்கும்தான் உதவுகின்றன. 50 முதல் 250 எம்இவி வரை போனால் எலெக்ட்ரான் உடலின் முழுத் தடிமனையும் கடக்கும்; பக்கவாட்டில் சிதறுவதும் குறையும். நுரையீரல், குடல் போன்ற காற்றுள்ள இடங்கள் குறுக்கிட்டாலும் கணக்கு அதிகம் கலங்காது. மறுபக்கமாக வெளியேறிப் போகும் என்பதுதான் குறை. அதனால் பல திசைகளிலிருந்து தர வேண்டும், அல்லது காந்தங்களால் குவித்து ஆழத்தில் ஒரு புள்ளியில் சேர்க்க வேண்டும். ஸ்வீடனின் லுண்ட் ஆய்வாளர்கள் லேசரால் முடுக்கிய எலெக்ட்ரான்களை இப்படிக் குவித்துக் காட்டி 2021-இல் வெளியிட்டார்கள். இத்தாலியின் பீசாவிலும் பல திசைக் கதிர்வீச்சுத் திட்டங்களைச் சோதித்திருக்கிறார்கள்.

நோயாளியை இந்தக் கருவியின் கீழ் படுக்க வைக்க இன்னும் தூரம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. சிகிச்சையில் டோஸ் 5 சதவீதத்துக்குள் சரியாக இருக்க வேண்டும், கருவி நாள் முழுக்கத் தடங்கலின்றி ஓட வேண்டும், ஏதாவது தவறினால் அடுத்த ஷாட்டுக்கு முன்பே நிற்க வேண்டும். லேசர் முடுக்கி மூன்றிலும் லினாக்குக்குப் பின்னால்தான் நிற்கிறது. லோசான் மருத்துவமனையும் ஜெனீவாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகமும் ஆழமான கட்டிகளுக்கான ஃபிளாஷ் கருவிக்கு உலோகக் குழி முடுக்கியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கின்றன. உயிரியல் ஆராய்ச்சிக்கு லேசர் முடுக்கி இன்றைக்கே பயன்படும். சிகிச்சைக்கு அது பயன்படுமா என்பதை இன்றைய செல் சோதனைகள்தான் தீர்மானிக்கும்.

நான்காம் படி: பாதையைக் கட்டுங்கள்

லேசரைக் குவிக்கும் ஆடியிலிருந்து செல்வரை வரிசையாக எண்ணுங்கள். லேசர் ஒரு பரவளைய ஆடியால் வாயுத் தாரையில் குவிகிறது. வாயு பெரும்பாலும் ஹீலியம், அல்லது ஒன்றிரண்டு சதவீத நைட்ரஜன் கலந்த ஹீலியம். நைட்ரஜனின் உள்ளடுக்கு எலெக்ட்ரான்கள் தாமதமாகப் பிரிந்து அலைக்குள்ளேயே பிறப்பதால் மின்னூட்டம் கூடும், நிலைத்தும் வரும். கிலோஹெர்ட்ஸ் கருவிகளில் வாயு இடைவிடாமல் பாய்வதால் பம்பு திணறும். அங்கே நைட்ரஜனையே தனியாகப் பயன்படுத்துவது உண்டு.

தாரைக்குப் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று வைத்து எஞ்சிய லேசர் ஒளியைத் தடுங்கள். இதை மறந்தால் செல்லுக்குக் கதிர்வீச்சோடு வெளிச்சமும் சூடும் சேர்ந்து கிடைக்கும், எது எதைச் செய்தது என்றே தெரியாது. பிறகு வெற்றிடத்தின் சாளரம். அப்புறம் காற்று, அப்புறம் குடுவை.

கற்றை எவ்வளவு விரிகிறது என்று பாருங்கள். 50 மில்லி ரேடியன் விரிவு, முப்பது சென்டிமீட்டர் தூரம் என்றால் 15 மில்லிமீட்டர் அகலம். நடுவில் டோஸ் அதிகம், ஓரத்தில் குறைவு. செல் இருக்கும் பரப்பில் சமமாக்க ஒரு சிதறல் தகடு வைக்கலாம், தள்ளியும் வைக்கலாம்; இரண்டிலுமே டோஸ் வேகம் குறையும். கற்றை காற்றில் கிடைமட்டமாக வருகிறது, செல்லோ குடுவையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. எனவே குடுவையை நிமிர்த்தி வைக்க வேண்டியிருக்கும். செல்கள் வளரும் திரவமான ஊடகத்தைக் கழுத்துவரை நிரப்பாவிட்டால் மேல் பாதிச் செல்கள் காய்ந்து, கதிர்வீச்சின்றியே செத்துப்போகும். இயற்பியல் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

ஐந்தாம் படி: டோஸை அளப்பது

இந்த வேலையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அதிக நேரம் செலவிட முடியும் என்றால், இங்கே செலவிடுங்கள். மற்ற எல்லாம் சரியாக இருந்து டோஸ் தவறினால் முடிவு ஒன்றுக்கும் உதவாது.

மருத்துவ இயற்பியலாளர் கையில் எடுக்கும் முதல் கருவி அயனி அறை; கதிர்வீச்சு வாயுவில் உண்டாக்கும் அயனிகளைச் சேகரித்து அது டோஸை அளக்கும். இங்கே அது தடுமாறும். ஒரே கணத்தில் ஏராளமான அயனிகள் உருவாகும்போது, மின்முனைக்குப் போய்ச் சேரும் முன் அவை தங்களுக்குள் மறுபடி சேர்ந்துகொள்கின்றன. அறை குறைத்துக் காட்டும், நீங்கள் அதை ஈடுகட்ட அதிகம் தருவீர்கள். எந்த அளவுக்குக் குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்த பிறகு, ஒப்பீட்டுக் காட்டியாக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

அடிப்படையாக, கதிர் பட்டால் நிறம் மாறும் கதிர்நிற ஃபிலிமை வையுங்கள். இபிடி3 போன்ற ஃபிலிம்கள் டோஸ் வேகத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 10 கிரே வரை நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒழுங்கு வேண்டும். நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே தொகுதி ஃபிலிமில் சில துண்டுகளை, அளவீடு செய்யப்பட்ட ஒரு மருத்துவ லினாக்கில் 0 முதல் 10 கிரே வரை படிப்படியாகக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அளவீட்டு வளைகோட்டைப் போடுங்கள். கதிர் பட்ட பிறகும் ஃபிலிம் மெல்லக் கருத்துக்கொண்டே போகும். ஆகவே அளவீட்டு ஃபிலிமையும் சோதனை ஃபிலிமையும் ஒரே இடைவெளியில், 24 மணி நேரம் கழித்து, ஸ்கேனரில் ஒரே திசையில் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். துண்டைத் திருப்பி வைத்தாலே எண் மாறும்.

ஃபிலிம் நாளைக்குத்தான் பதில் சொல்லும். இன்றைக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். கற்றையைச் சுற்றி ஒரு மின்னூட்ட வளையம் வைத்தால் ஒவ்வொரு ஷாட்டின் மின்னூட்டத்தையும் தொடாமலேயே அளக்கும். சோதனைக்கு முன் அதையும் ஃபிலிமையும் ஒன்றாக ஓட்டி, இத்தனை பைகோ கூலுமுக்குச் செல்லின் இடத்தில் இத்தனை கிரே என்ற விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். சோதனையின்போது ஒவ்வொரு குடுவையின் முன்னாலும் பின்னாலும் ஒரு ஃபிலிம் துண்டு, விதிவிலக்கே இல்லாமல். எலெக்ட்ரானின் ஆற்றல் நிறமாலையைக் காந்தத்தால் எடுத்து, துகள்களின் பாதையைத் தற்செயல் எண்களால் கணிக்கும் ஜியான்ட்4 போன்ற மான்டே கார்லோ நிரலில் குடுவையோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தால், இரண்டு ஃபிலிமுக்கும் நடுவில் செல்லுக்கு என்ன கிடைத்தது என்று தெரியும்.

சரி, ஷாட்டுக்கு ஷாட் மின்னூட்டம் 10 சதவீதம் ஆடுகிறது என்றால் என்ன ஆகும்? ஆயிரம் ஷாட் சேர்த்தால் ஆட்டம் 0.3 சதவீதமாகக் கரைந்துவிடும். அச்சப்பட வேண்டாம். பத்தே ஷாட்டில் டோஸை முடிக்கும் ஃபிளாஷ் சோதனையில் 3 சதவீதம் மிஞ்சும். உண்மையில் அச்சப்பட வேண்டியது நகர்வைப் பற்றி. லேசர் அறை அரை பாகை சூடாகிறது, ஓர் ஆடி மிகச் சிறிதளவு சாய்கிறது, கற்றை மெல்ல இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போகிறது. இதை எந்தச் சராசரியும் காப்பாற்றாது. காலையில் வைத்த குடுவைக்கும் மாலையில் வைத்த குடுவைக்கும் வேறு டோஸ். வரைபடத்தில் அது ஓர் உயிரியல் விளைவு போலவே நிற்கும்! டோஸ்களை 1, 2, 4, 8 என்று ஏறுவரிசையில் தராமல் கலைத்துப்போட்டு தரச் சொல்வது இதற்காகத்தான்.

ஆறாம் படி: உயிரியல் பக்கம்

உங்கள் முதல் மாதிரி செல்லாக இருக்க வேண்டியதில்லை. வளைய டி.என்.ஏவை நீரில் கரைத்து வையுங்கள். ஓர் இழை அறுந்தால் முறுக்கு தளரும், இரண்டும் அறுந்தால் நேர்கோடாகும். ஜெல்லில் ஓட்டினால் மூன்றும் தனித்தனிப் பட்டையாகத் தெரியும். மலிவு, அன்றைக்கே முடிவு. டோஸ் அளவீட்டில் ஓட்டை இருந்தால் இங்கேயே வெளிப்பட்டுவிடும்.

செல்லுக்கு வந்தால், காலனி உருவாக்கச் சோதனைதான் இன்றும் அளவுகோல். 1956-இல் பக்கும் மார்க்கஸும் அறிமுகப்படுத்தியது. கதிர் பட்ட செல்களை எண்ணி விதைத்து, இரண்டு வாரம் போல வளரவிட்டு, 50 செல்லுக்கு மேல் உள்ள காலனிகளை மட்டும் எண்ண வேண்டும். எண்ணுபவருக்கு எந்தத் தட்டு எந்த டோஸ் என்று தெரியக் கூடாது. இதோடு டி.என்.ஏ அறுந்த இடத்தில் தோன்றும் காமா எச்2ஏஎக்ஸ் என்ற புரதத்துக்குச் சாயமிட்டு அந்த இடங்களை அரை மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் எண்ணினால், எவ்வளவு அறுந்தது, எவ்வளவு ஒட்டாமல் மிஞ்சியது என்ற இரண்டும் கிடைக்கும்.

ஒப்பீட்டுக் குடுவைகளைப் பற்றிக் கறாராக இருங்கள். இன்குபேட்டரை விட்டே வராத ஒன்று. லேசர் அறைவரை வந்து, நிமிர்ந்து நின்று, பம்பு இரைச்சலையும் குளிரையும் அனுபவித்து, கதிர் மட்டும் படாமல் திரும்பிய ஒன்று. இதே செல்லை, இதே நாளில், இதே ஊடகத்தில், லினாக்கிலோ எக்ஸ்-கதிர்க் குழாயிலோ கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ஒரு தொகுதி. மூன்றாவது இல்லாமல் லேசர் எலெக்ட்ரான் 'வேறு மாதிரி' என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அதையும் மூன்று வெவ்வேறு வாரங்களில் செய்ய வேண்டும்.

நேரத்தையும் கவனியுங்கள். உங்கள் கருவியில் 8 கிரே தர இருபது நிமிடம் ஆகிறது, லினாக்கில் இரண்டு நிமிடம் என்றால், லேசர் பக்கத்துச் செல்கள் அதற்குள் பழுதுபார்க்கத் தொடங்கிவிடும். நீங்கள் காண்பது ஃபெம்டோ நொடியின் விளைவாக இருக்காது, நிமிடத்தின் விளைவாக இருக்கும். லினாக்கையும் மெதுவாக ஓட்டி நேரத்தைச் சமமாக்குங்கள். ஃபிளாஷ் சோதனை என்றால் ஊடகத்தில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் கட்டாயம் அளந்து எழுதுங்கள். திறந்த தட்டில் உள்ள செல்லுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், உடலுக்குள் திசுவுக்குக் கிடைப்பதைவிட மிக அதிகம்.

பாதுகாப்பு

முதன்மை லேசரின் 800 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் தெரியும், ஆனால் விழித்திரையைச் சுடும். கூடவே அதற்கு ஆற்றல் ஊட்டும் 532 நானோமீட்டர் பச்சைப் பம்பு லேசரும் ஓடும். கண்ணாடி இரண்டையும் தடுக்கிறதா என்று அதில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

எலெக்ட்ரானை நிறுத்த முதலில் பிளாஸ்டிக், கார்பன், அலுமினியம் போன்ற இலேசான பொருள். அதற்குப் பின்னால் ஈயம். நேராக ஈயத்தில் மோதவிட்டால் அதுவே வலுவான எக்ஸ்-கதிர் மூலமாகிவிடும். 10 எம்இவியைத் தாண்டினால் நியூட்ரானும் சேரும், கான்கிரீட் வேண்டும். இன்னொரு அபாயம் பலருக்குத் தெரியாது. கையில் பிடிக்கும் கெய்கர் எண்ணி ஒரு துடிப்புக்கு ஒரு முறைதான் துடிக்கும், அந்தத் துடிப்பில் ஓர் எலெக்ட்ரான் வந்தாலும் லட்சம் வந்தாலும். 10 ஹெர்ட்ஸ் கருவி அருகே அது நொடிக்குப் பத்து என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போது உண்மையான அளவு எங்கேயோ இருக்கலாம். உடலில் அணியும் பேட்ஜும், துடிப்புக்கெனச் சோதிக்கப்பட்ட அயனி அறையும்தான் நம்பிக்கைக்குரியவை. உங்கள் நாட்டுக் கதிர்வீச்சு ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி இல்லாமல் முதல் ஷாட்டே வேண்டாம்.

ஒத்திகை

செல் வருவதற்கு முந்தைய வாரம், செல் இல்லாமலே முழுச் சோதனையையும் ஒரு முறை நடத்துங்கள். குடுவையில் வெறும் ஊடகம், செல் ஒட்டியிருக்கும் பரப்பில் நீர் புகாதபடி உறையிட்ட ஒரு ஃபிலிம். இன்குபேட்டரிலிருந்து எடுப்பது, வண்டியில் கொண்டுபோவது, தாங்கியில் மாட்டுவது, கதவை மூடிப் பூட்டு விழுவதைப் பார்ப்பது, ஷாட் எண்ணுவது, திரும்பக் கொண்டுவருவது எல்லாமே கடிகாரம் பார்த்து. தாங்கியில் குடுவையின் இடம் அரை மில்லிமீட்டர் பிசகாமல் அமர்கிறதா, கையுறை போட்ட கையால் மாட்ட முடிகிறதா, ஒரு குடுவைக்கு எத்தனை நிமிடம் என்று அப்போதுதான் தெரியும்.

மறுநாள் ஃபிலிம்களை ஸ்கேன் செய்யுங்கள். காலை முதல் மாலை வரை ஓடிய பத்துக் குடுவையும் திட்டமிட்ட டோஸின் 5 சதவீதத்துக்குள் வந்திருந்தால், உயிரியல் ஆய்வகத்துக்குப் போன் செய்து அடுத்த வாரத்துக்குச் செல் விதைக்கச் சொல்லுங்கள். ஒன்றுகூட வெளியே போயிருந்தால், அது எந்த மணிக்கு ஓடியது என்று பதிவேட்டைப் புரட்டி, அந்த நேரத்தில் லேசர் அறையின் வெப்பநிலையைப் பாருங்கள்.